கன்று போட்ட மாட்டின் பாலை ஒரு சொட்டு சோதித்துப் பாருங்கள்: பால் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பால் சங்கச் செயலாளர்களுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கும், மாவட்டப் பால் ஒன்றியத்துக் கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தில் மூன்று கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவன். காலையிலும் சாயங்காலமும் கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்து வாசலில் நிற்கிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கன்று போட்டு ஆறு வாரம் ஆகாத மாட்டின் பாலை வாரத்துக்கு ஒருமுறை சங்கத்திலேயே கீட்டோன் சோதனை, அதாவது கன்று போட்ட புதிதில் வருகிற கீட்டோசிஸ் என்ற நோயைக் காட்டிக்கொடுக்கிற சோதனை, செய்துவிடுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது ஆள் வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் சுட்டி என்று ஒரு ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருப்பதால் அந்தப் பேர். போன வருஷம் தை மாதம் மூன்றாவது ஈத்து, கிடாரிக் கன்று, நஞ்சுக்கொடியும் நேரத்துக்கு விழுந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். பத்தாம் நாள் காலையில் ஒன்பது லிட்டர், மாலையில் ஏழு. மற்ற இரண்டு மாடும் அப்போது வற்றிக் கிடந்ததால் சங்கத்துச் சீட்டில் வருவது முழுக்கச் சுட்டியின் பால்தான்.

பதினொன்றாம் நாள் தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோளத்தட்டு போட்டால் தின்றது. சரி, வாய்க்கு ருசி மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். சாணி கெட்டியாக, மேலே சளி பூசின மாதிரி மினுமினுப்பாக விழுந்தது, அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் சங்கத்தில் சீட்டு வாங்கினேன். காலைப் பால் ஆறரை லிட்டர். கொழுப்பு, முந்தின வாரம் 3.8 இருந்தது, 5.1 என்று வந்திருக்கிறது. எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு போகப் பாலில் இருக்கிற திடச்சத்து, மட்டும் 8.4-லிருந்து 7.9. "கொழுப்பு நல்லா ஏறியிருக்கே" என்றார் பால் அளக்கிறவர், எனக்கும் சந்தோஷம்தான். லிட்டர் குறைந்தாலும் கொழுப்பில் கொஞ்சம் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மாட்டுக்கு என்ன நோய் என்று அதில் அப்போதே எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்த ஆள்தான் அங்கே இல்லை, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதினான்காம் நாள் சுட்டி தொட்டிக்கட்டையை நக்க ஆரம்பித்தது. நக்கியது என்றால் சும்மா இல்லை, நாக்கு சிவக்கச் சிவக்க ஒரே இடத்தை, அப்புறம் கட்டியிருந்த இரும்புக் குழாயை, அப்புறம் தன் விலாவையே. வாயில் எச்சில் ஒழுகியது, வெறும் வாயை மென்றது, கூப்பிட்டால் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு வெறிநாய் கடித்திருக்குமோ என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரம்மா பிள்ளைகளைக் கட்டுத்தறிப் பக்கமே விடவில்லை. இன்னொருவர் கண்ணேறு என்றார். ஊருக்குள் ஊசி போடுகிற ஒருவர் வந்து, கன்று போட்ட மாடு சோர்ந்தால் பால் காய்ச்சல்தான் என்று கால்சியம் பாட்டில் ஒன்றை ஏற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அம்மா ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்து ஊற்றினார். எதற்கும் கேட்கவில்லை.

கடைசியில் என் மகள்தான் கண்டுபிடித்தாள் என்று சொல்ல வேண்டும், ஆனால் அவளுக்கே அது தெரியாது. தூரத்தில் நின்று, "அப்பா, சுட்டி மூச்சு விட்டா நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி வாசம் வருது" என்றாள். நான் கிட்டேபோய் மோந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மருத்துவர் சொன்னார், அந்த வாடை சிலர் மூக்குக்குப் பிடிபடும், சிலருக்குப் பிடிபடவே படாது, அது பிறவியிலேயே அப்படி. எனவே வாசனையை நம்பி மட்டும் இந்த நோயைப் பிடிக்க முடியாது.

மறுநாள் காலையில் கால்நடை மருத்துவர் வந்தார். முதலில் கையுறை போட்டுக்கொண்டார். எச்சில் ஒழுகி, நடத்தை மாறின மாடு என்றால் வெறிநோய் இல்லை என்று உறுதியாகும்வரை யாரும் வாய்க்குள் கை விடக்கூடாது என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். வெப்பமானி வைத்தார், 101.5, மாட்டுக்கு அது காய்ச்சல் இல்லை. அப்புறம் ஒரு வைக்கோலை எடுத்து மாட்டின் பிறப்புறுப்புக்குக் கீழே மெல்ல வருடினார், கொஞ்ச நேரத்தில் மூத்திரம் விட்டது, ஒரு கிண்ணத்தில் பிடித்தார். சிறிய டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து அதன்மேல் இரண்டு சொட்டு விட்டார். நான் எதுவும் கேட்பதற்குள் பொடி கத்தரிப்பூ நிறமாக மாறியது. பாலிலும் இரண்டு சொட்டு எடுத்து இன்னொரு சிட்டிகையில் விட்டார். அதுவும் கத்தரிப்பூதான். "கீட்டோசிஸ்" என்றார்.

ரோத்தேரா சோதனை என்று பெயர். 1908-லேயே வந்துவிட்ட சங்கதி. நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற ஒரு சிட்டிகைப் பொடி எங்கள் சங்கத்து மேசையில் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவர் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே சொல்கிறேன். பாலில் இருக்கிற சர்க்கரை, லாக்டோஸ், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 48 கிராம். பதினாறு லிட்டர் கறக்கிற மாடு நாளொன்றுக்கு முக்கால் கிலோ சர்க்கரையைப் பாலில் கொட்டுகிறது. அத்தனைக்கும் குளுக்கோஸ் வேண்டும். நாம் தின்கிற சோறு நமக்குக் குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்கிற மாதிரி மாட்டுக்குச் சேராது. மாடு தின்பதை முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அமிலங்களாக்கிவிடும், அதில் புரோப்பியோனிக் அமிலத்தை வைத்துத்தான் கல்லீரல் குளுக்கோஸ் செய்துகொள்ள வேண்டும். கன்று போட்ட புதிதில் பால் நாளுக்கு நாள் ஏறுகிறது, தீனியோ அதே வேகத்தில் ஏறாது. பற்றாக்குறைக்கு மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பில் ஒரு பங்கு மடிக்குப் போய்ப் பால் கொழுப்பாகிறது, நான் சந்தோஷப்பட்ட அந்த 5.1 இதுதான். மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே முழுசாக எரிக்க வழியில்லாமல் பாதியில் நின்று கீட்டோன்களாகி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கீட்டோன் ஏறினால் பசி போகும், பசி போனால் இன்னும் கொழுப்பு கரையும், இன்னும் கீட்டோன் ஏறும்.

காங்கேயம் மாடு வைத்திருந்த என் தாத்தாவுக்கு இந்த நோய் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கன்று குடித்தது போக இரண்டு மூன்று லிட்டர் கறக்கிற மாட்டுக்கு இவ்வளவு பற்றாக்குறை வராது. பாலுக்காகக் கலப்பின மாட்டைக் கொண்டுவந்தோம், அது சரிதான், எங்களுக்கு அதில்தான் சோறு. ஆனால் மாட்டோடு சேர்ந்து வந்த நோயைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிகிச்சை என்று பார்த்தால், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அரை லிட்டர் பாட்டில் இரண்டு, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். இரண்டாவது பாட்டில் முடியும்போதே சுட்டி நக்குவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் தீவனத்தில் வாய் வைத்தது. நான் நோய் போய்விட்டது என்றே நினைத்தேன். மருத்துவர் கணக்கைச் சொன்னார்: இரண்டு பாட்டிலிலும் சேர்த்து இருப்பது 250 கிராம் சர்க்கரை, உன் மாடு ஒரு நாளைக்குப் பாலில் விடுவதில் மூன்றில் ஒரு பங்கு, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், நாளைக்கு மறுபடி படுத்துக்கொள்ளும். அதனால் வாய் வழியாகப் புரோப்பிலீன் கிளைகால், தினம் ஒருமுறை 300 மில்லி, ஐந்து நாள். அது கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாக மாறும். கூடவே பி12 ஊசி.

இந்த இடத்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மருந்து ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போனால் நல்ல மாடும் செத்துவிடும். நிதானமாக, கன்னத்தோரம் விட்டு, விழுங்க விட்டு ஊற்ற வேண்டும். 300 சொன்னால் 300தான், சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவுக்கு மீறி ஊற்றினால் மாடு தள்ளாடிப் படுத்துவிடும். அப்புறம் "கிளைகால்" என்ற பேரைப் பார்த்துவிட்டு வண்டிக்கு ஊற்றுகிற கூலன்ட்டை யாராவது சொன்னார்கள் என்று ஊற்றிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால், அது விஷம். டெக்ஸ்ட்ரோஸைத் தோலுக்கடியில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், வீங்கிப் புண்ணாகும், அது நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து. டெக்ஸாமெத்தசோன் ஊசியை சில மாடுகளுக்கு மருத்துவரே போடுவார், ஆனால் கர்ப்பப்பையிலோ மடியிலோ சீழ் இருக்கிற மாட்டுக்கு அது ஆபத்து, நிறைசினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற ஊசி இல்லை அது.

வெல்லத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் அம்மாவே ஊற்றினார் என்பதால். பாசத்தில் செய்வது அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெல்லம் ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேராது, முதல் வயிற்றிலேயே நொதித்துவிடும். அப்படி நொதிக்கும்போது வருகிற பியூட்டிரிக் அமிலம் மறுபடி கீட்டோனாகத்தான் மாறும். நிறைய ஊற்றினால் வயிறு புளித்துப்போய் இன்னொரு நோய் சேர்ந்துகொள்ளும்.

சுட்டி பிழைத்தது. ஆனால் பதினாறு லிட்டர் திரும்ப வரவில்லை, அந்த ஈத்து முழுக்கப் பதினொன்றைத் தாண்டவில்லை. பருவத்துக்கு வரவும் தாமதம், மூன்று முறை சினை ஊசி போட்டுத்தான் நின்றது. பன்னிரண்டாம் நாளே அந்தச் சீட்டைப் பார்த்து யாராவது "இந்த மாட்டைச் சோதிச்சுப் பார்" என்று சொல்லியிருந்தால் நக்குகிற நிலைக்கே போயிருக்காது. நக்குவதும் எச்சில் ஒழுகுவதும் முற்றின பிறகு சில மாடுகளில் மட்டும் வருவது. வெளியே ஒன்றும் தெரியாமல், இரண்டு லிட்டர் பால் குறைவு, கொஞ்சம் மெலிவு என்று மறைந்தே இருக்கிற கீட்டோசிஸ்தான் அதிகம். அந்த மாடுகளை நாம் மருத்துவரிடம் காட்டுவதே இல்லை. ரத்தத்தில் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் கீட்டோன் தாண்டினாலே மறைநிலை நோய் என்று பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அந்த மறைநிலையிலேயே மாடுகளைப் பிடித்து இதே 300 மில்லி மருந்தைத் தினம் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் முற்றுகிற மாடுகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது என்று 2011-ல் எழுதினார்கள். மருந்தும் அதே, அளவும் அதே, கொடுக்கிற நாள்தான் முந்தியது.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு மாட்டின் பாலை இரண்டு வேளையும் அளந்து, கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் பார்த்து எழுதி வைக்கிற இடம் எங்களுக்கு உங்கள் சங்கம்தான். எந்த ஆஸ்பத்திரியும் தன் நோயாளியை ஒரு நாளைக்கு இரண்டு முறை இப்படிப் பார்ப்பதில்லை. லிட்டர் இறங்குகிறது, கொழுப்பு திடீரென்று ஏறுகிறது, எஸ்.என்.எஃப் இறங்குகிறது, மாடு கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் அந்த மாட்டைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த எண்களெல்லாம் விலை போடுவதற்கு மட்டும் பயன்படுகின்றன.

செய்ய வேண்டியது என்ன என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் கன்று போட்ட தேதி சங்கத்தில் இருக்க வேண்டும். சினை ஊசி போட்ட தேதி ஏற்கெனவே ஒரு நோட்டில் இருக்கிறது, அதிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் எண்ணினால் ஏறக்குறைய தேதி வந்துவிடும். மாட்டின் காதில் மஞ்சள் அட்டையும் 12 இலக்க எண்ணும் இருக்கிறது, அந்த எண்ணுக்கு எதிரே எழுதிக்கொண்டால் மாடு மாறிப்போகாது. சீம்பால் தீர்ந்து பால் ஊற்ற வருகிற முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: புதுக்கறவை மாட்டின் பால் ஒரு சொம்பில் தனியாக வரட்டும், மற்ற மாட்டுப் பாலோடு கலக்காமல், வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஏனென்றால் மூன்று மாட்டுப் பால் ஒரே கேனில் கலந்துவிட்டால் இயந்திரத்துக்கும் தெரியாது, பொடிக்கும் தெரியாது.

பாலில் இரண்டு சொட்டு பொடியில் விட்டுப் பார்க்க ஒரு நிமிஷம், கூடினால் இரண்டு நிமிஷம். மூத்திரத்தில் கீட்டோன் செறிவு அதிகம் என்பதால் நல்ல மாட்டிலும் சில நேரம் லேசாக நிறம் காட்டும். பாலில் நிறம் வந்தால் சந்தேகமே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிட வேண்டிய மாடுதான். பாலில் பொடி லேசான நோயைத் தவறவிடும் என்பதும் உண்மை, அதற்குப் பாலில் நனைக்கிற பட்டை இருக்கிறது, அது இன்னும் முந்திக் காட்டும். ஒன்றியத்து மருத்துவர் கையில் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கிற சின்னக் கருவி, சர்க்கரை நோயாளிகள் வைத்திருப்பது மாதிரியானதே, ஒன்று இருந்தால் வாலடி நரம்பில் ஒரு சொட்டு எடுத்து அங்கேயே எண்ணாகப் பார்த்துவிடலாம். பொடி டப்பாவை ஈரம் படாமல், வெயில் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது மருந்து. சங்கத்தில் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறீர்கள், தாது உப்புக் கலவை வைத்திருக்கிறீர்கள், பட்டுவாடாவில் பிடித்துக்கொள்கிறீர்கள். அதே அலமாரியில் புரோப்பிலீன் கிளைகாலும் நான்கைந்து பாட்டில் இருக்கட்டும். எனக்கு அந்த ஐந்து நாள் மருந்து வாங்க டவுனுக்கு இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது, முதல் கடையில் பேரே தெரியவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் தருவது என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. மருத்துவர் வர முடியாத நாளுக்கு 1962 என்ற எண்ணை சங்கத்துச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். நடமாடும் மருத்துவ வண்டி இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மருத்துவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இருக்கிற வேலைப்பளு எனக்குத் தெரியும், ஒரு ஆள் எத்தனை ஊரைப் பார்ப்பீர்கள். ஆனால் சிகிச்சை முடித்துப் போகும்போது நோயின் பேரைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "செரிக்கல, ஊசி போட்டிருக்கு" என்று கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் போயிற்று. என் மாமனார் வீட்டு மாடு ஒன்று ஐந்தாறு வருஷம் முன்னால் இதே மாதிரி நக்கி நக்கி மெலிந்து அடிமாட்டுக்குப் போனது. அது கீட்டோசிஸாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. இரண்டு நாளில் மருந்துக்குத் திரும்பாத மாட்டைக் குடல் புரண்டிருக்கிறதா, நான்காவது வயிறு இடம் மாறியிருக்கிறதா, கர்ப்பப்பையில் சீழா என்று திரும்ப வந்து பார்க்க ஒரு ஏற்பாடும் வேண்டும். கீட்டோசிஸ் தனி நோயாகவும் வருகிறது, வேறு நோயால் தீனி எடுக்காமல் போய் அதன் பின்னாலும் வருகிறது.

வற்றுகாலத்தைப் பற்றியும் கூட்டம் போட்டுப் பேசுங்கள். பால் இல்லாத மாட்டுக்கு எதற்குச் செலவு என்று கடைசி இரண்டு மாதமும் வெறும் தட்டில் விடுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய, நானும் அப்படித்தான் இருந்தேன். இன்னும் சிலர் நேர்மாறாக, சினை மாடு என்று அள்ளி அள்ளிப் போட்டு வாலடியில் கொழுப்பு மேடு கட்டுகிற அளவுக்குக் கொழுக்க விடுகிறார்கள். கொழுத்த மாடுதான் கன்று போட்டதும் முதலில் விழும். கன்று போடும்போது மாடு ஐந்துக்கு மூன்று, மூன்றேகால் என்கிற சதைப்பிடிப்பில் இருக்க வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. கடைசி மூன்று வாரம் ஒரு கிலோவில் ஆரம்பித்து இரண்டு கிலோவரை தீவனத்தைப் பழக்கினால் முதல் வயிறு தயாராகிவிடும், கன்று போட்ட பிறகும் ஒரேயடியாகக் கூட்டாமல் இரண்டு மூன்று நாளுக்கு அரை கிலோ என்று ஏற்ற வேண்டும். மக்காச்சோள மாவு கொஞ்சம், கோ-5 புல்லும் கோ.எஃப்.எஸ்-29 சோளமும் பசுமையாக, தண்ணீர் நாள் முழுக்க. இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லும்போது தயவுசெய்து பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். மாட்டைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அந்த நேரத்தில் காட்டில் இருப்பார்கள், கூட்டத்துக்கு வந்து உட்கார்வது நாங்கள், வீட்டுக்குப் போய்ப் பாதியை மறந்துவிடுவோம். சாயங்காலம் பால் ஊற்ற வருகிறபோது சங்கத்து வாசலிலேயே பத்து நிமிஷம் பேசினால் போதும்.

எங்கள் தெருவில் பங்குனி முடிவதற்குள் நான்கு மாடு கன்று போட இருக்கிறது, அதில் ஒன்று சுட்டி. நான்கின் சினை ஊசித் தேதியையும் காது எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பொடி டப்பா வாங்குகிற காசை நான் தருகிறேன். எந்த நாள் காலையில் கொண்டுவரட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.